வாசலில் நின்ற வெர்லின்

கோல்டர் க்ரீக் சபையின் வாசலில் வெர்லின் ஸ்டாக்டேல் பத்து வருடத்துக்கு மேல் காவல் நின்றார். குட்டையான ஆள், அகலமான தோள். சட்டைக்கு அடியில் வலது இடுப்பில் கைத்துப்பாக்கி. காவல் குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கருவி ஒன்றைக் காதில் மாட்டியிருப்பார். அவருக்குக் கேட்கும் காது ஒன்றுதான். அந்தக் காதில்தான் அதை மாட்டுவார். அதனால் வாசலில் நின்று நாம் என்ன சொன்னாலும் அவருக்கு எட்டாது. வணக்கம் சொன்னால் நம் கைப்பையைப் பார்ப்பார்.

அந்தக் காதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து, சீழ் பிடித்து, இடது காது போய்விட்டது. வியட்நாமுக்கு ஆள் எடுத்தபோது ராணுவ டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வேறு ஊரில் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். மிசோரியின் இந்த மலைப்பக்கத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு முந்திய ஞாயிறு எங்கள் சபையில் தேச ஞாயிறு. பாடகர் குழு தரைப்படைக்கு ஒரு பாட்டு, கடற்படைக்கு ஒரு பாட்டு என்று வரிசையாகப் பாடும். அந்தந்தப் படையில் இருந்தவர்கள் தங்கள் பாட்டு வந்ததும் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். வெர்லின் ஒரு பாட்டுக்கும் எழுந்ததில்லை. நான் அவருக்குப் பின்வரிசை. பாட்டுகள் முடியும்வரை அவர் பிடரி சிவந்தே இருக்கும்.

பிழைப்புக்கு எரிவாயு லாரி ஓட்டினார். மலைச்சரிவு வீடுகளுக்குப் போய்த் தொட்டி நிரப்புகிற வேலை. ஒரு குளிர்காலம் சாலையெல்லாம் கண்ணாடியாக உறைந்து, மின்சாரமும் போய்விட்டது. வெர்லின் சக்கரத்தில் சங்கிலி கட்டிக்கொண்டு, தனியாக இருந்த கிழவிகளின் வீடுகளுக்கு முதலில் போனார். அவர்களில் சிலர் அவரால்தான் வசந்தத்தைப் பார்த்தார்கள். அதை ஆண்மை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எரிவாயுக்காரர் வந்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அப்புறம் பாஸ்டர் டேட் ராலிங்ஸ் வந்தார். தாடியும் காலில் பூட்சுமாகப் பிரசங்க மேடையில் ஏறுவார். அவரும் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. அதை அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. இயேசுவைப் பூப்போல வரைந்து வரைந்து ஆண்களைத் தூங்க வைத்துவிட்டார்கள், ஆண்கள் தூங்கியதால்தான் தேசம் கைவிட்டுப் போகிறது என்பார். சனிக்கிழமை காலைகளில் ஆண்களுக்கு மட்டும் சாப்பாடு ஆரம்பித்தார். மான்கறி சாசேஜ், முட்டை, காப்பி, பிறகு எதிரி எந்த வழியாக வருவான் என்கிற பேச்சு. எதிரி என்றால் சில வாரம் சாத்தான், சில வாரம் அரசாங்கம், சில வாரம் பள்ளிக்கூடம். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் 'மதில் காவல்' குழு உருவானது. தலைவராக வெர்லினை வைத்தார்கள். அவர் மனைவி ஒலீட்டா துப்பாக்கி வெளியே தெரியாத மாதிரி ஒரு அளவு பெரிய சட்டைகளாக வாங்கி வந்தாள். கிழவர் முதுகு நிமிர்ந்து நடந்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் நிமிர்வது அபூர்வம்.

ஒலீட்டாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றிய வசந்தத்தில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதியோர் இல்லத்திலும் வீடுகளிலுமாக நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டுச் சம்பாதித்தவள் நான். காலையில் போனால் சாயங்காலம்வரை இருப்பேன். கால் பயிற்சி, குளியல், சமையல். பார்க்க வேண்டியது ஒலீட்டாவின் காலை. ஆனால் என் கண் வெர்லின் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

நடை சுருங்கியிருந்தது. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டு போனார். முகத்தில் அசைவு குறைந்திருந்தது. ஒருநாள் காப்பி இயந்திரத்தில் தூளை வடிகட்டியில் போடுவதற்குப் பதில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிட்டு, இயந்திரம் ஏன் வேலை செய்யவில்லை என்று நின்றார். மறுநாள் எல்லாம் சரியாகச் செய்தார். இப்படி ஏறி இறங்கும் நோய் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சமையலறை ஜன்னலோரம் நின்று கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று நல்ல காதுப் பக்கமாகப் போய்க் கேட்டேன்.

"மூணு பேர். திரும்பிப் பாக்காதே. பாத்தா தெரிஞ்சுபோகும்."

"என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணல. நிக்கிறாங்க. தொப்பியெல்லாம் நனைஞ்சிருக்கு."

அந்த வாரம் முழுக்க மழை இல்லை. கொட்டகைப் பக்கம் ஒரு கோழிகூட இல்லை.

தூக்கத்தில் அவர் யாரையோ அடிப்பார் என்றும் அப்போது தெரிந்தது. ஒலீட்டாவைக் குளிப்பாட்டும்போது அவள் மேல்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. தூக்கத்தில் கை பட்டுவிட்டது என்றாள். எங்கே துப்பாக்கி வைக்கிறார் என்று கேட்டேன். தலையணைக்கு அடியில் என்றாள். அந்த மூன்று பேரில் ஒருவர் ஓர் இரவு கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் வந்து நின்றால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் அதற்கப்புறம் எனக்குக் கவலை.

என் வீட்டிலும் துப்பாக்கி உண்டு. தோட்டத்தை நாசம் பண்ணும் ராக்கூன்களுக்காக அலமாரியில் நிற்கிறது. துப்பாக்கி என்றதும் அலறுகிற ஆள் இல்லை நான். கண்ணுக்கு இல்லாதவர்கள் தெரிகிற ஒருவர் கையில் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இதை ஒலீட்டாவிடம் நேராகவே சொன்னேன்.

அவள் ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுக்குத் தலை அவர்தான் லொரீன். அவர் கையில இருக்கறத நான் இதுவரைக்கும் புடுங்கினதில்ல. நீ சீக்கிரமே விதவையாயிட்ட. உன் இஷ்டத்துக்கு இருந்து பழகிட்ட. உனக்குப் புரியாது."

டாக்டரிடமாவது காட்டு என்றேன். அதற்கும் வழியில்லை. மருத்துவமனைக்கு முதல் தடவை போகும்போதே வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுகிற ஆண்கள் நிறையப் பேர். டாக்டர் எழுதுவார், அரசாங்கம் படிக்கும், பிறகு வந்து கதவைத் தட்டும் என்று சனிக்கிழமைச் சாப்பாட்டில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படி எழுந்து வந்தவர்களில் வெர்லினும் ஒருவர்.

சரி, பாஸ்டர் சொன்னால் கேட்பார் என்று நினைத்துப் பாஸ்டரிடம் போனேன். அங்கே போனபின்தான் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்தது. வெர்லின் அந்த மூன்று பேரைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தார். சபைக்குப் பின்னால் நிற்கும் வெள்ளை வண்டியைப் பற்றியும், பாடகர் குழுவில் முகமே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லியிருந்தார். குழு கூடிப் பேசி இரண்டு கேமரா மாட்டியிருந்தது. கேமராவில் ஒன்றும் விழவில்லை. எதிரி அவ்வளவு தந்திரக்காரன் என்று முடிவு செய்திருந்தார்கள்.

மூளை நோய் வந்தவர் பேசுவதும் சபை வருடக்கணக்காகப் பேசிவந்ததும் ஒரே பேச்சாக இருந்தால், நோயை யார் கண்டுபிடிப்பது?

"சிஸ்டர் லொரீன், அவர் எல்லாத்தையும் சந்தேகப்படறாருங்கறீங்க. இந்தக் காலத்துல சந்தேகப்படாதவனுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார் பாஸ்டர். சிலருக்கு மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைக் காண்கிற வரம் உண்டு என்றும் சொன்னார்.

"வரம் கிரம் எனக்குத் தெரியாது பாஸ்டர். ஆனா இதே ஆளுங்கள நான் பல வீட்டுல பாத்திருக்கேன். சில கிழவருக்கு மூணு பேர் வருவாங்க. சில பேருக்குப் பூனை வரும். நல்லவேளை, பூனை வந்தவங்க கையில துப்பாக்கி இல்ல."

அவர் சிரிக்கவில்லை. நாட்டில் நாலு பக்கமும் ஆண்களின் கையைக் கட்டுகிறார்கள், அந்த வேலையைச் சபைக்குள்ளும் செய்ய வேண்டுமா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, என்னை யாராவது அனுப்பினார்களா என்றார். கிறிஸ்துமஸுக்கு நான் சுட்டுக் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டவர் இதைக் கேட்டார். சந்தேகம் பழகிவிட்டால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது.

தேச ஞாயிறு நெருங்கியது. அந்த வருடம் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். படைப் பாட்டுகள் முடிந்ததும் முரசு அடிக்கும், மதில் காவல் குழு எழுந்து நிற்கும். வெர்லின் இதைக் கேட்டுவிட்டு மேசையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார் என்று ஒலீட்டா சொன்னாள். கண்ணீரை மறைக்கத்தான் போனாராம். அந்த நாள்வரை துப்பாக்கியைப் பற்றிப் பேசாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். நான் பேசவில்லை. ஆனால் ஒலீட்டா பிடித்து நடக்கும் நடைச்சட்டத்துக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, அவளோடு கடைசி வரிசையில் வாசலோரம் உட்கார்ந்தேன்.

கொடி ஊர்வலம் முன்கூடத்திலிருந்து வரும். பழைய ராணுவத்தார் நாலு பேர், சீருடையில். இரண்டு பேர் கையில் கொடி, இரண்டு பேர் தோளில் துப்பாக்கி. வருடா வருடம் அதே நாலு பேர்தான். வெர்லினுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். கதவைத் திறந்துவிடுவதுகூட அவர்தான்.

அன்று கதவு திறந்தது. வெர்லின் அவர்களைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். கை சட்டைக்குள் போய்த் துப்பாக்கியோடு வெளியே வந்தது.

"நனைஞ்சு வந்திருக்கானுங்க" என்றார். கத்தவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னார்.

முன்வரிசைகள் மேடையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தன. கொடிக்காரர்கள் கல்லாக நின்றார்கள். எதிர்ப்பக்கம் நின்ற கேலன் ப்ரூயிட், குழுவில் வெர்லினுக்கு அடுத்தவர், தன் இடுப்பில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. ஒரு துப்பாக்கி இரண்டாகப் போகிறது. வெர்லினைக் கூப்பிட்டுப் பயனில்லை. கேட்கிற காதில் அந்தக் கருவி இருந்தது.

இப்படிப்பட்ட நோயாளி கையில் கத்தியோ சுடுதண்ணீரோ இருந்தால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இன்னும் இறுக்குவார். பிடிப்பதற்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். என் பக்கத்தில் நின்ற கொடிக்காரரின் கையிலிருந்து கம்பத்தைப் பிடுங்கி, வெர்லினைப் பார்த்துச் சாய்த்துவிட்டேன்.

இந்த ஊரில் வளர்ந்த எவரும் கொடி தரையில் படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே உடம்பில் ஊறியது அது. வெர்லினின் இரண்டு கையும் தானாக உயர்ந்தன. துப்பாக்கி கம்பளத்தில் விழுந்தது. அவர் கம்பத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் துப்பாக்கிமேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆராதனை நடந்தது. முரசும் அடித்தது. வெர்லின் கொடியைப் பிடித்தபடியே நிமிர்ந்து நின்றார், சபை முழுக்கக் கைதட்டியது. தளர்ந்த வயதிலும் கொடியைக் கீழே விடாத மனிதர் என்று பாஸ்டர் மேடையிலிருந்து சொல்ல, நிறையப் பேர் அழுதார்கள். துப்பாக்கியைப் பார்த்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்காது. சபைச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்த செய்தி ஒன்றுதான்: லொரீன் மேப்ரி கொடியைக் கீழே தள்ளினாள். உருளைக்கிழங்கு சாலட்டை வாங்க நான் தட்டை நீட்டியபோது ஒருத்தி கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். நானே போட்டுக்கொண்டேன்.

துப்பாக்கியைக் கேலன் எடுத்துப் போயிருந்தார். வாரத்தின் நடுவில் திருப்பிக் கொண்டுவந்தார். குழு கூடி முடிவெடுத்ததாம். உள்ளே குண்டைத் தட்டுகிற ஊசியைக் கழற்றிவிட்டார்களாம். குண்டுகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்களாம், எடை குறைந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று. சுடாத துப்பாக்கியோடு அவர் வாசலில் நிற்கலாம், மானமும் போகாது, ஆபத்தும் இல்லை. நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

"யார் கழட்டினது?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்கதான்."

"எந்த ஆளு?"

"லொரீன், ஆம்பளைங்க வார்த்தை குடுத்திருக்கோம். போதாதா?"

எனக்குப் போதவில்லை. ஒலீட்டாவுக்கு ரொம்ப நிம்மதி. அன்று மத்தியானம் வெர்லின் சாய்வு நாற்காலியில் தூங்கினார். துப்பாக்கி செருகிய இடுப்புறை குளியலறைக் கொக்கியில் தொங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை ஒலீட்டா கவனித்தாள்.

"நீ யாரையும் நம்பமாட்டியா?" என்றாள்.

"மருந்து குடுத்தாச்சுன்னு யார் சொன்னாலும் நான் பாட்டிலைத் திறந்து பாப்பேன்."

அவள் நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். துப்பாக்கியை உறையிலிருந்து தானே எடுத்தாள். நான் வாங்கிக்கொள்ள நீட்டிய கையைக் கண்டுகொள்ளவில்லை. பின்வாசல் வழியாகக் குளக்கரைக்குப் போனோம். கரையில் ஒரு பழைய தகர டப்பா கிடந்தது. நடைச்சட்டத்தில் இடுப்பைச் சாய்த்து நின்று, கையை நீட்டி, விசையை அழுத்தினாள்.

வெடித்தது. டப்பா எகிறிக் குளத்தில் விழுந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளைப் போலக் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் இல்லை. வெர்லினைவிட நன்றாகச் சுடுவாள். அதனாலேயே கல்யாணத்துக்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. அதை அன்றுதான் எனக்குச் சொன்னாள், குளத்தில் வட்டம் அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே.

பின்வாசலில் வெர்லின் வந்து நின்றார். "யாரு அங்க?"

"பாம்பு, வெர்லின். அடிச்சாச்சு. நீங்க போய்ப் படுங்க" என்று ஒலீட்டா உரக்கச் சொன்னாள்.

"சரி" என்று உள்ளே போனார்.

ஒலீட்டா துப்பாக்கியை என்னிடம் கொடுத்தாள். எங்கே கொண்டுபோகிறேன் என்று தனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை. இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

என்ன நடந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாஸ்டர் கேலனைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். கேலன், கருவிகள் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, ஊசியைப் பாஸ்டரே கழற்றியிருப்பார் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் சொன்னார்கள். இன்னொரு ஆணின் துப்பாக்கியைச் செத்த இரும்பாக்க எவருக்கும் கை வரவில்லை என்பது என் எண்ணம்.

துப்பாக்கி போனது தெரிந்து பாஸ்டர் அந்த வெள்ளிக்கிழமை வந்தார். ஞாயிறு வெர்லின் வெறும் இடுப்போடு நிற்பதா என்று கேட்டார். ஒலீட்டா கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவர் என் பக்கத்துல உக்காருவார் பாஸ்டர். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்."

"சிஸ்டர், அந்த மனுஷன்கிட்ட மிச்சமிருக்கறதே அது ஒண்ணுதான்."

"நானும் மிச்சமிருக்கேன்" என்றாள் ஒலீட்டா.

இரண்டு மூன்று நாள் வெர்லின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். உறையில் பழைய தொலைக்காட்சி ரிமோட்டைச் செருகிவைத்தேன். எடை குறைவுதான், ஆனால் உறை நிறைந்திருந்தது. தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அந்த மூன்று பேர் வருவது குறைந்தது. வந்தால், உட்காரச் சொல்லுங்கள் என்று ஒலீட்டா சொல்லப் பழகிக்கொண்டாள். அவரும் சில சமயம் நாற்காலியை இழுத்துப் போடுவார். வாசலுக்கு வேறொருவரை வைத்தார்கள். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்காரர்களில் ஒருவர்கூட வந்து அவரோடு ஒரு மத்தியானம் உட்காரவில்லை.

இலை உதிர்கிற காலத்தில் ஒருநாள் கேலன் என் வீட்டுக்கு வந்தார். வண்டியைத் தெருவில் நிறுத்தாமல் பின்பக்கமாக விட்டு, சமையலறைக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து யாரோ ஒருவனைத் திட்டுகிறாராம். ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்றார். பாஸ்டருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

"துப்பாக்கி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அவர் கட்டிலுக்குப் பக்கத்துல. குண்டு இல்ல. என் தம்பி எடுத்துட்டான்."

"நீ பாத்தியா?"

தொப்பி சுற்றுவது நின்றது.

"மொதல்ல போய்ப் பாரு. நான் மேல்கோட்டைப் போட்டுட்டு வரேன்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வேகமாக வண்டிக்குப் போனார்.